தலைக்குள் ஒரு தண்ணீர்ப் பை

“இதுக்கு முன்னால தலையில ஸ்கேன் எடுத்திருக்கா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல” என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். “சாப்பிட்டாச்சா?” என்று யாராவது கேட்டாலே, ஏன் கேட்கிறார்கள், என்ன நடக்கப்போகிறது என்று நாலு பக்கமும் யோசித்துப் பதில் சொல்கிறவன் நான். அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

விடாத தலைவலிக்காகப் போயிருந்தேன். அறை சில்லென்று இருந்தது. மேசைமேல் கம்ப்யூட்டர் திரை. திரையில் என் தலை, குறுக்கே அரிந்த சுரைக்காய் மாதிரி. சாம்பல் நிறத்துக்கு நடுவில், ஓரமாக, ஒரு கறுப்பு. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். ஓரங்கள் அவ்வளவு வழவழப்பு. மை தொட்டு யாரோ கட்டை விரலால் அழுத்தி எடுத்த மாதிரி.

“இது உங்க இடது பக்கம்” என்றார் டாக்டர், தன் இடது நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டி. திரையில் அது வலது பக்கம் தெரிந்தது. எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல, படத்தில் இடமும் வலமும் மாறித்தான் இருக்குமாம்.

டாக்டர் பாலக்காட்டுக்காரர். நடுவயது. தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“பேடிக்க வேண்டாம், பயப்படற மாதிரி இல்ல. தண்ணிப் பைதான்னு தோணுது. ஆனா இந்தப் படத்தை மட்டும் வச்சு உறப்பா சொல்ல முடியாது. ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு வெறும் தண்ணி. பொறக்கும்போதே கூட வரும், சும்மா கிடக்கும். இன்னொண்ணும் இந்தப் படத்தில ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும். ஆனா உள்ள மெழுகு மாதிரி அடைஞ்சிருக்கும். மெதுவா வளரும்.”

“வளர்ந்தா?”

“திறந்து எடுக்கணும்.”

எதைத் திறந்து என்று கேட்கவில்லை. திரையில் அந்தச் சுரைக்காய் எனக்கு முன்னால்தான் இருந்தது.

எது என்று தெரிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பத்து நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை மிளகு, சுக்கு, மூட்டை என்றே எழுதிவந்தேன். போன வாரம் ஒரு வாசகர், ‘ஒவ்வொரு அத்தியாயத்திலும் எதற்காவது பயப்படுகிறீர்களே, உங்கள் வாழ்க்கையில் பயப்படாத நாள் என்று ஒன்று உண்டா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, நான் பயந்ததிலேயே பெரிய பத்து நாட்களை எழுதுகிறேன். இந்தப் பத்து நாளில்தான் நான் பயத்தையே உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதால், அவருக்கும் ஓரளவு பதில் கிடைக்கலாம்.

டாக்டரிடம் நான் சொன்னது பொய். தலையில் படம் எடுத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்க்கும் கிட்டங்கியில், அதாவது மிளகுக் கிடங்கில், மூட்டை அடுக்கின் உச்சியில் ஏறிச் சாம்பிள் எடுக்கும்போது, கால் வழுக்கிக் கீழே விழுந்தேன். எழுந்து நின்று, “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயாலேயே வாந்தி எடுத்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தாளைப் பார்த்து, “ரத்தம் ஒண்ணும் கசியல, வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

அந்தப் பெரிய பழுப்பு உறை எங்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல், பழைய காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. உள்ளே ஒரு கறுப்பு ஃபிலிம், ஒரு ஆங்கிலத் தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதுவும் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து வார இதழ்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. ஆங்கிலம் யாரையும் பார்த்து வரவில்லை.

பின் ஏன் இல்லை என்று சொன்னேன்?

மடித்த சீட்டு

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் மிளகு தரம் பார்ப்பது என் வேலை. என்னோடு அசீஸ்க்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்திச் சாம்பிள் எடுப்போம். உள்ளங்கையில் கொட்டி, ஊதி, நசுக்கி, மூக்கில் வைத்துப் பார்ப்போம். பிறகு தண்ணீரில் போடுவோம். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு மிதக்கும், நல்ல மிளகு அடியில் போய் உட்காரும்.

நான் பார்த்ததை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பேன். அசீஸ்க்கா அதைப் பிரிக்கமாட்டார். அவர் தனியாகப் பார்த்து, தனியாக எழுதுவார். முதல் ஆள் சொன்னது காதில் விழுந்துவிட்டால், இரண்டாவது ஆளின் கண் அதன் பின்னாலேயே போய்விடும். இரண்டு சீட்டையும் முதலாளிதான் பிரிப்பார்.

டாக்டருக்கும் அதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய படத்தைப் பற்றிச் சொன்னால், அதன் கண்ணால் இதைப் பார்ப்பார். சொல்லாவிட்டால் புதுக் கண்ணால் பார்ப்பார்.

மறுநாள் இதை அசீஸ்க்காவிடம் சொன்னேன். அவர் மிளகை ஊதுவதை நிறுத்தினார்.

“எடா சுப்பு, இது மெய்யா, இல்ல எனக்காக உண்டாக்கினதா?”

“மெய்தான் இக்கா. நம்ம வழக்கந்தானே?”

“நம்ம மூட்டை நேத்து வந்து நாளைக்குப் போகும். உன் தல ஐம்பது வருஷமா ஒரே கிட்டங்கியில கிடக்கு. அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்புக்குத் தாவினார். கடல் ஏறும் நாட்களில் எங்கள் சந்துக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து கட்டில் கால்வரை நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுக்குள்ள தண்ணி ஏறினா மட்டாஞ்சேரிக்காரன் கட்டிலைத் தூக்கி வச்சுட்டு உறங்குவான். தலைக்குள்ள கொஞ்சம் ஏறினதுக்கா இந்த மூஞ்சி?”

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மடித்த சீட்டெல்லாம் சாக்கு. உண்மை இதுதான்: பழைய படத்தில் பை இல்லாமல் இருந்துவிட்டால்? அப்போது இது இடையில் முளைத்தது. முளைத்தது என்றால் வளர்கிறது. வளர்கிறது என்றால் திறக்க வேண்டும். அலமாரி மேலேயே கிடந்தால், அது எதையும் சொல்லாது.

எட்டாம் வகுப்பு

அசீஸ்க்காவிடம் பேசிய அன்று இரவுதான் கோமதியிடம் சொன்னேன். கோமதி என் மனைவி. தலைக்குள் ஒரு தண்ணீர்ப் பை இருப்பதைச் சொன்னேன், வளர்ந்தால் தலையைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொன்னேன், பத்து நாளில் பெரிய படம் எடுப்பதைச் சொன்னேன். டாக்டர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் இடது பொட்டில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பார்ப்பதுபோல.

“சூடா ஒண்ணும் இல்லியே” என்றாள்.

அந்தப் பத்து நாளும் நான் பயந்தேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம்.

எட்டாம் வகுப்பில், பரீட்சை அன்று, பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கேட் வரைக்கும்கூடப் போகவில்லை. அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். ஏன் உள்ளே போகவில்லை என்பதற்கு என்னிடம் இத்தனை வருஷமும் ஒரு காரணம் இல்லை.

இப்போது இருந்தது. நெல்லிக்காய் அளவில், கறுப்பாக, வழவழப்பாக. மூளை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தால் ஒருவன் எப்படிப் படிப்பான்? படுத்துக்கொண்டு இடது பொட்டைத் தொட்டுப் பார்ப்பேன். நீதானா, நீதானா என்று கேட்பேன்.

நாலு படம்

பத்தாம் நாள் கோமதியும் வந்தாள். மட்டாஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கலூர் பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மோதிரம், இடுப்பில் கட்டிய வெள்ளிக் கயிறு எல்லாம் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். படுக்க வைத்தார்கள். தலைக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி மாட்டினார்கள். “சேட்டா, தல அனக்கல்லே” என்றார் மிஷின் ஓட்டும் பையன். அசைக்காதே என்று சொன்ன நொடியிலிருந்து மூக்கு அரிக்க ஆரம்பித்தது. குழாய்க்குள் போனதும் சத்தம் தொடங்கியது. ஒரு தடவை இரும்புக் கதவைத் தட்டுவதுபோல, ஒரு தடவை ஆயிரம் வண்டு ஒன்றாகக் கத்துவதுபோல. சத்தம் மாறும் ஒவ்வொரு தடவையும், இப்போது எதைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால், அப்படி யோசித்த நேரத்தில் பயம் சற்று விலகி நின்றது.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, “சத்தம் ஏன் டாக்டர் மாறி மாறி வந்தது?”

அவர் சிரித்தார். நோயாளி முதலில் கேட்கிற கேள்வி அதுவாக இருக்காது போலும். நாற்காலியைத் திரையருகே இழுத்துப்போடச் சொன்னார்.

“ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு விதமான படம். இடம் ஒண்ணுதான், பார்வை வேற. இதோ நடுவில ரெண்டு குளம் மாதிரி இருக்கில்ல? அது எல்லார் தலையிலயும் உள்ள தண்ணி. உங்க பையில இருக்கறதும் அதே தண்ணியான்னு பார்க்கணும். எப்படி? எல்லாப் படத்திலயும் குளம் என்ன நிறமோ, பையும் அதே நிறமா இருக்கணும்.”

முதல் படம். குளம் கறுப்பு. பை கறுப்பு.

இரண்டாவது. குளம் வெள்ளை வெளேரென்று. பையும் வெள்ளை.

“மூணாவதில நாங்க அந்தத் தண்ணியோட வெளிச்சத்த மட்டும் அணைச்சிட்டு எடுப்போம். வேற ஏதாவது கலந்திருந்தா அணையாது.”

குளம் கறுப்பு. பை கறுப்பு. நான் இதற்குள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன்.

“நாலாவதுதான் முக்கியம். தண்ணி தாராளமா நடமாடுதா, நெருக்கத்தில மாட்டிக் கிடக்கான்னு பார்க்கற படம். நடமாடினா கறுப்பு. மெழுகு மாதிரி அடைஞ்சிருந்தா விளக்கு மாதிரி எரியும்.”

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. டாக்டர் சுட்டியைத் தட்டினார்.

கறுப்பு.

“வெறும் தண்ணி” என்றார் டாக்டர்.

கோமதி கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து, “அப்ப போலாமா?” என்றாள்.

“ஒரு விஷயம் பாக்கி இருக்கு. தண்ணிதான், ஆனா பை பெருசாகுதான்னு தெரியணும். இவருக்குத் தலைவலி இருக்கு. பை வளர்ந்து மூளையை அமுக்கினா, அப்பவும் ஆபரேஷன்தான். இந்த ஒரு படத்தை வச்சு வளருதான்னு சொல்ல முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்து, அளந்து பார்க்கலாம். பழைய படம் ஏதாவது இருந்திருந்தா இன்னைக்கே சொல்லிடுவேன்.”

“அலமாரி மேல ஒண்ணு இருக்கே டாக்டர்” என்றாள் கோமதி. “கிட்டங்கில விழுந்தப்ப எடுத்தது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். கோமதியும் என்னைப் பார்த்தாள்.

“இல்லன்னு சொன்னீங்களே?”

மடித்த சீட்டுக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “அதுல இது இல்லாம இருந்துட்டா என்ன பண்றதுன்னு…” என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “நாலு மணி வரைக்கும் இருப்பேன்” என்றார்.

பஸ் ஜன்னல்

கோமதி ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துகொண்டாள். என்னோடு பேசவில்லை. நான் பஸ் பிடித்து மட்டாஞ்சேரி போய், காலண்டர்களைத் தள்ளி, தூசியோடு உறையை எடுத்து, மறுபடி பஸ் ஏறினேன். தோப்பும்படிப் பாலம் வரைக்கும் உறையை மடியில் வைத்திருந்தேன். பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள். கீழே தண்ணீர் வெயிலில் தகதகவென்று இருந்தது. அவ்வளவு வெளிச்சம்.

ஃபிலிமை உருவி ஜன்னலில் பிடித்தேன். ஒரு தாளில் வரிசை வரிசையாக இருபது தலை. ஒவ்வொன்றாகத் தேடினேன். இரண்டாம் வரிசையில் இருந்தது. அதே கறுப்பு, அதே வழவழப்பு. மூச்சு விட்டேன். விட்ட மூச்சை உடனே பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரித் திரையில் வலது பக்கம் தெரிந்த பை, இதில் இடது பக்கம் இருந்தது. அப்படியென்றால் இது வேறு பையா? ஒன்று போய் இன்னொன்று வந்ததா?

பக்கத்து சீட்டில் மீன் கூடையைக் காலுக்கடியில் வைத்திருந்த ஒருவர் என்னையும் ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரோட தல?”

“என்னோடது.”

“எழுத்தெல்லாம் கண்ணாடில பார்க்கற மாதிரி இருக்கே சேட்டா. மறுபுறம் பிடிச்சிருக்கீங்க.”

திருப்பினேன். பை வலது பக்கம் வந்தது.

“இப்ப சரியா?” என்றார்.

“இப்ப சரி.”

“அந்தக் கறுப்பு என்ன?”

“தண்ணி” என்றேன். டாக்டர் மாதிரியே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

பை அப்போதும் இருந்தது. ஆனால் அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு? இருபதும் சின்னச் சின்னப் படம். கட்டை விரலை வைத்துப் பார்த்தேன், சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன். அது விரலால் அளக்கிற காரியம் இல்லை.

அளவு

டாக்டர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். ஓரத்தில் இருந்த அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டார். திரையில் இரண்டு கோடு இழுத்தார். நீளம், அகலம். திரும்பவும் ஒரு தடவை. கோமதி என் பக்கத்தில்தான் நின்றாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே அளவு. ஒரு வித்தியாசமும் இல்ல” என்றார். பிறகு உறையிலிருந்த ஆங்கிலத் தாளைப் பிரித்து, விரலை ஓட்டி, கீழே ஒரு வரியில் நிறுத்தினார். “அன்னைக்கே எழுதியிருக்காங்க. இடது பக்கம் தண்ணிப் பை, பிறவியில் வந்ததா இருக்கலாம்னு. ரத்தக் கசிவைத் தேடினவங்க அதோட நிறுத்திட்டாங்க. இது உங்க கூடப் பொறந்தது. தொட வேண்டாம். தலைவலிக்குச் சாயாவைக் குறைச்சு, ராத்திரி உறங்குங்க.”

நான் எழுந்திருக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“டாக்டர், பொறந்ததுலேருந்து அங்க மூளைக்குப் பதிலா தண்ணின்னா… அதனாலதான் எனக்குப் படிப்பு ஏறலையோ?”

“மூளை போகலை. கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டிருக்கு, அவ்வளவுதான். இது மாதிரி பையோட டாக்டருக்குப் படிச்சவங்களும் உண்டு.” சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “அதுக்கு இதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க” என்றார்.

பிழைத்தேன் என்ற சேதி வந்த அதே நிமிஷத்தில், ஒரு சாக்கும் கை விட்டுப் போனது. இரண்டையும் சுமந்துகொண்டு வெளியே வந்தேன்.

கோமதி சொன்னது

பஸ் நிறுத்தத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“பழனிக்கு நேர்ந்திருக்கேன்.”

“என்ன நேர்ந்த?”

“முடி.”

“என் முடியா?”

“என் முடி.”

கோமதிக்கு இடுப்பைத் தாண்டிய முடி. ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் காய வைக்கும்போது, சந்தில் போகும் பெண்கள் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவளுக்கு என்று அவள் பெருமைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

“எப்ப நேர்ந்த?”

“நீங்க வந்து சொன்ன அன்னைக்கு ராத்திரியே. உங்க தலையைத் திறக்கக் கூடாது, என் தலையை எடுத்துக்கன்னு.”

அதற்கு முந்தின நாள், டாக்டர் கேட்டபோதே, “ஆமாம், இருக்கு” என்று நான் சொல்லியிருந்தால், அந்த ராத்திரி அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது. மறுநாள் மதியத்துக்குள் கோடு இழுத்து அளந்து, வளரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

“வேண்டாம் கோமதி. கொஞ்சமா பூ முடி கொடுத்தாப் போதும்னு சொல்வாங்க.”

“நேர்ந்தது நேர்ந்ததுதான்.”

அடுத்த மாதம் பழனிக்குப் போனோம். முடி இறக்கும் கூடத்தில் ஈரத் தரை, சந்தன வாசனை. அவள் மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்து, பின்னலை அவிழ்த்து, முன்னால் இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டார். கத்தி நெற்றியிலிருந்து போன சத்தம் எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ. முதல் முடிச்சு அவள் மடியில் விழுந்தபோது, நான் பக்கத்து மணையில் போய் உட்கார்ந்தேன். சீட்டு வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார்கள். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சந்தனம் பூசிக்கொண்டு இருவரும் வெளியே வந்தோம். வெயில் தலையில் நேராக இறங்கியது. கோமதி ஒரு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையை உயர்த்தி, என் இடது பொட்டின் மேல், மொட்டைத் தலையில், மெல்லத் தடவிப் பார்த்தாள். அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

“அடுத்த தடவை டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லிருங்க” என்றாள். “இனி நேர்ந்துக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”